சத்தம் வேறு, அழுத்தம் வேறு

“சுத்தமா பாடு இல்ல.”

மூன்றே சொல். பாம்பன் கரையில் ஒரு வல்லத்துக்காரர், அதாவது நாட்டுப்படகுக்காரர், வலையை இறக்கிப் போட்டுவிட்டுச் சொன்னது. பாடு என்றால் மீன்பாடு, அன்றைக்கு வலையில் விழுந்தது. இந்த மூன்றில் அவர் எதை அழுத்திச் சொன்னார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ‘சுத்தமா’ என்பார்கள். பேச்சில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடம் அதே பதிவைக் கொடுத்தால் ‘பாடு’ என்கிறது. போதாக்குறைக்கு ‘சுத்’ தனி, ‘தமா’ தனி என்று வெட்டி, நடுவில் பேச்சு நின்றுவிட்டதாகவும் காட்டுகிறது.

அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். அவர் அழுத்தியது ‘சு’வை அல்ல, ‘மா’வை அல்ல. நடுவில் இருக்கும் ‘த்’தை. த் வல்லின மெய். அதைச் சொல்லும்போது நாக்கு மேற்பல்லின் பின்னால் போய் வழியை அடைத்துக்கொள்ளும். அடைப்பு விலகும்வரை வாயிலிருந்து சத்தமே வராது. சாதாரணமாகச் சொன்னால் அந்த அடைப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இவர் பல்லைக் கடித்த மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். திரையில் கால் வினாடிக்கு மேல் ஒரு தட்டைக்கோடு. காலையெல்லாம் வலைபோட்டு ஒன்றும் இல்லாமல் வந்த ஆத்திரம் மொத்தமும் அந்தத் தட்டைக்கோட்டில்தான் இருக்கிறது. ஆனால் கால் வினாடி மௌனம் என்றாலே அதை இடைநிறுத்தமாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் சகஜம். சத்தத்தை அளக்க வந்த கருவிக்கு அங்கே அளக்க ஒன்றுமில்லை, வெட்டிவிட்டுப் போய்விட்டது.

இப்படிப் பதிவுகளைக் கேட்டு, எந்தச் சொல் மற்றவற்றைவிட எழும்பி நிற்கிறது என்று குறித்துக் கொடுப்பதுதான் கொஞ்ச காலமாக என் பிழைப்பு. பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை செய்யும் ஒரு சிறு குழு சென்னையில் இருக்கிறது. நான் மண்டபத்தில் வீட்டிலிருந்தபடியே அவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். பதிவுகளில் பாதி நானே எங்கள் கரையோரம் அலைந்து எடுத்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதானது. விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கும். ஆட்கள் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் போனபோது ஒரு பெரியவர் கேட்டார்: “என்ன தம்பி, எங்க பேச்சப் புடிச்சு எந்தக் கடையில விக்கப் போற?” பக்கத்திலிருந்தவருக்குக் காலர் மைக்கை எங்கே மாட்டுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். சட்டை போடாதவருக்குக் காலர் ஏது? கடைசியில் தோளில் கிடந்த துண்டில் மாட்டினேன்.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. பேச்சை எழுத்தாக்கும் மாடல்கள் இப்போது தமிழையும் ஓரளவு எழுதிவிடுகின்றன. 2022-ல் வந்த விஸ்பர் என்ற மாடல் 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது. ஆனால் எழுத்தாக மாறிய நிமிடம் குரல் கழன்றுவிடுகிறது. ஓர் ஆங்கிலக்காரர் ‘ஹி கேம்’ என்பதில் ‘ஹி’யை உயர்த்திச் சொன்னால் தமிழில் அது ‘அவன்தான் வந்தான்’. உயர்த்தாமல் சொன்னால் வெறும் ‘அவன் வந்தான்’. எழுத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கும் எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. வந்தவன் யார் என்பதுதான் வழக்கே என்றால், அந்த ஒரு ‘தான்’ விட்டுப்போனதில் ஆள் மாறிவிடும். செயற்கைக்குரல் செய்கிறவர்களுக்கும் இது வேண்டும். எதை அழுத்துவது என்று தெரியாத குரல் செய்தி வாசித்தால், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி எல்லாச் சொல்லையும் ஒரே உயரத்தில் வைத்துவிட்டுப் போகும்.

எந்திரம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் பதிவை எழுத்தாக்கி, எந்தச் சொல், எந்த எழுத்து எந்த மில்லி வினாடியில் தொடங்கி எதில் முடிகிறது என்று பொருத்திக்கொள்ளும். அப்புறம் ஒவ்வோர் அசைக்கும் அளவெடுக்கும். குரல்நாண் வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது சுருதி; ஆண் குரலுக்குத் தோராயமாக 100 முதல் 130 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 200-ஐ ஒட்டி. சத்தத்தின் வலு டெசிபலில். எவ்வளவு நேரம் நீண்டது என்பது மூன்றாவது. நான்காவதாக ஒன்று உண்டு. தொண்டையை இறுக்கிச் சொன்னால் ஒலியின் மேல் அலைவரிசைகள் மட்டும் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். டச்சு மொழியில் இதை ஒரு முக்கியத் தடயமாக ஸ்லைட்டரும் வான் ஹூவனும் 1996-ல் காட்டினார்கள். இந்த நாலையும் பக்கத்து அசைகளோடு ஒப்பிட்டு, எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதில் கொடி நடும். வவ்2வெக் மாதிரியான புது மாடல்கள் இந்த அளவுகளைத் தனித்தனியாகக் கேட்பதில்லை, ஒலியையே விழுங்கிவிட்டு விடை சொல்கின்றன. ஆனால் அவற்றையும் யாரோ கொடி நட்டுக் கொடுத்த பதிவுகளை வைத்துத்தான் பழக்க வேண்டும். அந்த யாரோதான் நான்.

இந்த வேலை ஆங்கிலத்தில் வளர்ந்தது, அதன் வாசனை போகவில்லை. 1950-களில் லண்டனில் டென்னிஸ் ஃப்ரை செயற்கையாக ஒலி செய்து, ‘ஆப்ஜெக்ட்’ மாதிரிச் சொற்களில் எந்த அசை நீண்டால், எது உரத்தால், கேட்கிறவர்கள் அதைப் பெயர்ச்சொல்லாகவோ வினைச்சொல்லாகவோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று சோதித்தார். சத்தத்தைவிட நீளம்தான் ஆளை மாற்றுகிறது என்று 1955-லேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்துச் சுருதியின் பங்கையும் 1958-ல் காட்டினார். 1990-களில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏழு எஃப்.எம். செய்தி வாசிப்பாளர்களின் பேச்சைத் திரட்டிக் கையால் குறி வைத்தார்கள். தானாக அழுத்தம் கண்டுபிடிக்கும் எத்தனையோ மாடல்கள் அந்த ஏழு பேரின் குரலில் பால்குடித்து வளர்ந்தவை. சத்தம் புகாத அறை, தாளில் எழுதிய செய்தி, பழகிய தொண்டை. எங்கள் பெரியவர்களோடு அவர்களுக்கு என்ன உறவு?

இதன் இன்னொரு முனையைத் தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டில் பார்த்தேன். அக்கா மகன் வளைகுடாவில் ஹோட்டல் வேலைக்குப் போகிறான், ஆங்கில நேர்காணலுக்கு ஒரு செல்போன் ஆப் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். ‘டெவலப்மென்ட்’ என்று சொல்வான், ஆப் சிவப்பு காட்டும். திரும்பச் சொல்வான், மறுபடி சிவப்பு. இரண்டாவது அசையான ‘வெ’யில் அழுத்தம் விழ வேண்டும் என்று அம்புக்குறி போட்டும் காட்டியது. பயல் என்ன செய்தான்? ‘வெ’ வந்ததும் கத்தினான். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப்பார்த்தாள்.

“மாமா, கத்தினாக்கூட ஒத்துக்க மாட்டேங்குது. நான் சரியாத்தானே சொல்றேன்?”

“கத்தாத மாப்ள. ‘வெ’ய விட்ரு. முன்னாடி இருக்க ‘டெ’வையும் பின்னாடி இருக்க ‘மென்ட்’டையும் சின்னதாக்கு. வாய்க்குள்ளயே முழுங்கு.”

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பச்சை வந்தது. குரலை ஓர் இம்மிகூட அவன் உயர்த்தவில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையின் உயிர் குன்றிப்போய் ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவில் ஒரு முனகலாகிவிடும். அந்த முனகல் இருந்தால்தான் பக்கத்து அசை எழுந்து தெரியும். நாமோ ஒவ்வோர் உயிரையும் முழுசாகச் சொல்லி, முதல் அசையில் கொஞ்சம் ஊன்றி, ‘டெவலப்மென்ட்’, ‘ஹோட்டல்’, ‘ஈவென்ட்’ என்று போவோம். ஆங்கிலக்காரர் இந்த மூன்றிலும் இரண்டாவது அசையில்தான் ஊன்றுவார். ஆப்புக்கு அதற்குமேல் தெரியாது. துபாயில் பிலிப்பைன்ஸ்காரரோடும் மலையாளியோடும் ஆங்கிலம் பேசப்போகிற பையனுக்கு அமெரிக்க ரேடியோக்காரரின் ஊன்றல் எதற்கு என்று நான் கேட்டால் அதற்குப் பதில் சொல்லவும் தெரியாது. எத்தனை பையன்கள் இப்படிச் சிவப்பைப் பார்த்துவிட்டு ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று போனை வைத்திருப்பார்கள்!

தமிழில் சொல்லுக்குள்ளே அழுத்தம் என்று ஒன்று உண்டா என்பதே அறிஞர்களிடையே தீராத வழக்கு. அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறுகிற சொற்சோடி நம்மிடம் இல்லை. நமக்கு அந்த வேலையை நீளம் செய்கிறது: படு, பாடு, பல், பால், கொடு, கோடு. முதல் அசைக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு. அங்கே உயிர் முழுசாக ஒலிக்கும், தள்ளிப்போகப் போகக் குன்றும். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்றும், சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ குறுகும் என்றும் நம் இலக்கணக்காரர்கள் கணக்கெழுதியது இதைத்தான். ‘வலை’ பேச்சில் ‘வல’ ஆகிறது. ‘மை’ மட்டும் மை-யாகவே நிற்கிறது. எலினர் கீன் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் அசை அல்லாத இடத்து உயிர்கள் தரம் குன்றுவதைக் கருவியால் அளந்து காட்டினார்.

இதில் மென்பொருளுக்கு என்ன கேடு என்றால், நீண்டது எல்லாம் அழுத்தியது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் தமிழில் நெடில் வருகிற இடமெல்லாம் கொடிதான். வல்லத்துக்காரர் ‘பாடு’வை அழுத்தியதாக அது சொன்னதும் இந்த ‘பா’வை நம்பித்தான். ஆகாரத்தை ஆகாரத்தோடு ஒப்பிட வேண்டும், அகரத்தோடு அல்ல. எளிய திருத்தம்தான், ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

இனி எங்கள் ஊர்ச் சமாசாரம். உள்நாட்டிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதல் நாள் எங்கள் வீடுகளில் “என்ன, எதுவும் பிரச்சினையா?” என்று தணிந்த குரலில் கேட்பது வழக்கம். பிரச்சினை ஒன்றும் இருக்காது; காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன் பக்கம் நின்று பேசினால்தான் தெரியும், சொல்லை வாயிலிருந்து காற்று பிடுங்கிக்கொண்டு போகும். இரைச்சலில் மனிதக் குரல் தானாக உயரும் என்பதை எட்டியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காதுமூக்கு மருத்துவர் 1911-ல் எழுதினார். அவர் பெயரிலேயே அதை வழங்குகிறார்கள். அப்போது உயர்வது சத்தம் மட்டும் அல்ல. சுருதி ஏறும், உயிர்கள் நீளும், மேல் அலைவரிசைகள் தூக்கும். மேலே சொன்ன நாலு தடயத்தையும் திரும்பப் படித்துப் பாருங்கள். அழுத்தத்துக்கு எந்திரம் தேடுகிற சாட்சி நாலும் வெறும் காற்றுக்கே வந்து நிற்கின்றன. அதன் காதுக்கு எங்கள் கடற்கரை முழுவதும், காலையிலிருந்து இரவுவரை, ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி அழுத்திப் பேசுகிறது.

கூட எஞ்சின் வேறு. ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். ஆக வினாடிக்கு 100 வெடி. அதாவது 100 ஹெர்ட்ஸ். ஓர் ஆண்பிள்ளையின் குரல் நிற்கிற அதே இடம். விசைப்படகில் எடுத்த ஒரு பதிவில், ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்திலும் திரையில் சுருதியைக் காட்டும் நீலக்கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது. மென்பொருள் எஞ்சினைப் பேசவைத்துவிட்டது. அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டினபோது ‘பேச்சாளர் உணர்ச்சிவசப்படுகிறார்’ என்கிற தோரணையில் சுருதி ஏறியது. இந்த மாதிரிக் கோப்பைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஏலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் சண்டை அங்கேதான். மீன் இறங்குதளத்தில் ஒரு குவியல் நண்டைத் தரையில் கொட்டி ஏலம் விடுகிறார்கள். ஏலம் கூறுகிறவரின் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். “நானூறு நானூறு நானூறு, நானூத்திருவது, இருவது இருவது, முப்பது, ஏய் முப்பது முப்பது…” உச்சக்குரல், ஒரே ஓட்டம், மூச்சு விடுகிற இடம் தெரியாது. சுருதிக்கோடு மேலே போய் மச்சு கட்டி உட்கார்ந்துவிடும். மென்பொருள் எல்லா எண்ணிலும் கொடி நட்டது. நான் அந்தப் பதிவை எடுத்தபோது அவருக்கு எதிரே நின்றிருந்தேன். அவ்வளவு இரைச்சலில் வியாபாரிகள் யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருந்தார், ஒருத்தர் நண்டின் காலைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் குரலை இறக்கினார். கிட்டத்தட்ட வீட்டில் பேசுகிற குரல்: “நானூத்தம்பது.” அவ்வளவுதான். எல்லாத் தலையும் திரும்பியது. போன் பேசியவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குமேல் யாரும் ஏற்றவில்லை, நண்டு போய்விட்டது.

அந்தப் பதிவில் அழுத்தம் ஒன்றே ஒன்றுதான், அது சுருதியிலும் சத்தத்திலும் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற சொல். மென்பொருள் கொடி நடாமல் விட்ட ஒரே எண்ணும் அதுதான்.

இதற்கு அறிவியலில் இடமில்லாமல் இல்லை. அழுத்தம் சுருதியில் மேலேயும் ஏறலாம், கீழேயும் இறங்கலாம் என்று ஜேனட் பியர்ஹம்பர்ட் 1980-லேயே எம்.ஐ.டி.யில் ஆய்வேடு எழுதினார். 1990-களில் வந்த ‘டோபி’ என்னும் குறியீட்டு முறையில் தாழ்ந்த அழுத்தத்துக்கென்றே ஒரு குறி உண்டு. பின்லாந்தில் ககூரோஸ், ராசனன் என்ற இருவர் 2016-ல் இன்னும் ஒரு படி போனார்கள். சுருதியும் வலுவும் அடுத்து இப்படித்தான் போகும் என்று கேட்கிறவன் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த எதிர்பார்ப்பு எங்கே பொய்க்கிறதோ அங்கே அழுத்தம் கேட்கிறது என்பது அவர்கள் கட்சி. ஏலத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கத்துகிறவன் தணிந்தால் காது நிமிரும். எங்கள் வீட்டுப் பெரிய மனுஷிகளுக்கு இது தெரியும். அப்பத்தா திட்டும்போது பயமில்லை, மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

நடைமுறையில் இதற்கு என்ன செய்யலாம்? ஹெர்ட்ஸை அப்படியே ஒப்பிடாமல் சுரக்கணக்கில் ஒப்பிடுவது முதல் படி. 100-லிருந்து 150-க்கு ஏறுவதும் 200-லிருந்து 300-க்கு ஏறுவதும் காதுக்கு ஒரே ஏற்றம், ஏழு அரைச்சுரம். பாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்தது, பேசுகிறவரை அவரோடே ஒப்பிடுவது. அதையும் கோப்பு முழுவதற்கும் ஒரு சராசரி எடுத்துச் செய்தால் எங்கள் பக்கம் எடுபடாது; பேச்சின் நடுவே காற்று மாறும், எஞ்சின் நிற்கும், ஆள் படகு மறைவுக்கு நகர்வார். முன்னும் பின்னும் சில வினாடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சில வினாடிகளில் இவர் எந்த உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும். ஹெல்சிங்கியில் சூனி, வைனியோ முதலானோர் 2017-ல் வெளியிட்ட முறை சுருதி, வலு, நீளம் மூன்றையும் ஒரே அலையாகப் பின்னி, அசை, சொல், தொடர் என்று பல தட்டுகளில் மேடு தேடுகிறது. முன்கூட்டியே குறி வைத்த பதிவு அதற்குத் தேவையில்லை என்பதால் தமிழுக்குக் கை கொடுக்கும். ஆனால் அழுத்தத்துக்கு அதுவும் மேட்டைத்தான் தேடுகிறது, பள்ளத்தை அல்ல.

மெய்யெழுத்தின் கதை வேறு. சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா திருக்கையைப் பற்றிச் சொன்னார்: “அம்ம்ம்புட்டுப் பெருசு தம்பி.” கை இரண்டையும் விரித்தார், அது மைக்கில் விழவில்லை, ம் விழுந்தது. மூக்கால் வருகிற ம் என்பதால் சத்தம் உண்டு, ‘சுத்தமா’ மாதிரி வெட்டுப்படவில்லை. ஆனாலும் மென்பொருள் அசையின் உயிரை மட்டும் அளந்துவிட்டு, ‘அ’ குட்டையாகத்தானே இருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டது. நாம் கோபத்தையும் வியப்பையும் மெய்யில் ஏற்றுகிற ஆட்கள். ‘எத்த்தன தடவ’, ‘பொய்ய்யி’, ‘ஒண்ண்ணும் இல்ல’. உயிரை மட்டும் அளக்கிற முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில் எனக்குச் சம்மதமில்லை.

சென்னைக் குழுவில் ஒரு தம்பி, கணினிக்காரர், குறுக்குவழி சொன்னார்: “அண்ணே, நமக்குத்தான் ‘தான்’ இருக்கே, ‘ஏ’ இருக்கே. எழுத்த வச்சே புடிச்சிரலாமே?” ஆசையாகத்தான் இருந்தது. தொல்காப்பியமே ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து வேலை சொல்கிறது. தேற்றத்தையும் பிரிநிலையையும் அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், மீதி மூன்றை எழுத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? ‘தான்’ இன்னும் மோசம், தேய்ந்துபோன காசு. “எங்கக்கா இருக்க?” என்று போனில் கேட்டால் “வீட்லதான்” என்று பதில் வரும். அதில் அழுத்தம் எதுவும் இல்லை, வெறும் பழக்கம். அதே அக்காவை “நேத்து சாயங்காலம் எங்க போயிட்ட?” என்று சந்தேகமாகக் கேட்டுப் பாருங்கள்: “வீட்லதான் இருந்தேன்!” இரண்டிலும் எழுத்து ஒன்று. இரண்டாவதில் ‘வீ’ வெடுக்கென்று ஏறும், ‘தான்’ அங்கேயே நிற்கும், ‘இருந்தேன்’ பொத்தென்று விழுந்து தட்டையாகப் போகும். ‘தான்’ இருக்கும் இடத்தில் தேடலாம் என்பதுவரை சரி. தேடினால் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைக் குரல்தான் சொல்ல வேண்டும்.

கடலில் இருக்கிற வாக்கி டாக்கிப் பேச்சைப் பற்றியும் குழுவில் கேட்டார்கள். ஆபத்தில் கூப்பிடுகிற குரலை எந்திரம் தானாக அடையாளம் கண்டு முன்னே தள்ளினால் நன்றாக இருக்குமே என்று. நல்ல எண்ணம். ஆனால் அந்த விஎச்எஃப் செட்டுகள் ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிச்சுருதி அதில் வருவதே இல்லை. மேலே உள்ள அதன் மடங்குகளின் இடைவெளியை வைத்துக் காது அதை மீட்டுக்கொள்கிறது, மென்பொருளும் ஓரளவு மீட்கும். சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் செட்டே அமுக்கிவிடுவதால் மெதுவாகச் சொன்னதும் கத்தியதும் அக்கம்பக்கமாக வந்து சேரும். மிஞ்சுவது நீளம். அங்கேதான் சிக்கல்: கடலில் எல்லாப் பேரும் நீளும். “சவேரியாஆஆரு… சவேரியாஆஆரு…” என்று படகின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஆபத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று கேட்பதற்கும் அப்படித்தான் கூப்பிடுவார். தூரத்தில் இருப்பவரை விளிக்கும்போது எந்தப் பெயரும் அளவு மீறி நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபில் ஒரு நூற்பாவே இருக்கிறது. ஆகவே விளிக்குத் தனிக் குறி வேண்டும், அதை அழுத்தத்தோடு சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அதை ஒத்துக்கொண்டார்கள். வல்லின அடைப்பை வெட்டக் கூடாது என்பதையும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதது ஏலக் கோப்பு. வழக்கப்படி ஒவ்வொரு பதிவையும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகக் கேட்டுக் குறிக்க வேண்டும், குறிகள் ஒத்துப்போனால்தான் அது பாடக்கோப்பு ஆகும். சென்னையில் கேட்டவர்கள் ‘நானூத்திருவது’, ‘முப்பது’, ‘ஏய்’ மூன்றிலும் கொடி நட்டு, தணிந்த ‘நானூத்தம்பது’வை வெறுமையாக விட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்து இங்கே கேட்டவர்கள் அந்த ஒன்றில் மட்டும் நட்டோம். குழுத்தலைவி பெரும்பான்மைப்படி போகலாம் என்கிறார். கடற்கரைக் காதுக்கும் நகரக் காதுக்கும் ஓட்டெடுப்பு வைத்து முடிக்கிற காரியமில்லை இது என்பது என் கட்சி. இரண்டு குறிகளையும் அப்படியே வைத்து, யார் காது எது என்றும் கூடவே எழுதி, மாடலிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை. அதற்குள் பாம்பனில் இன்னொரு ஏலத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று இருக்கிறேன், இந்த முறை வியாபாரிகள் பக்கத்திலும் ஒரு மைக்கோடு.